பத்தால் வகுக்கவும்

மார்ச் 4

தினமும் இருநூறு மூக்குக்கண்ணாடிகளுக்கு ஒளி வழங்கி உலகத்தின் பார்வையையே தன் கையில் வைத்திருக்கும் என் அக்கா மகளுக்கு,

மூன்றாம் மாடியின் முடிசூடா மன்னனும் உன் ஒரே தாய்மாமனுமாகிய நான், வலது முழங்காலைத் தவிர மற்ற அங்கங்கள் அனைத்தும் சேமமாக இருக்க எழுதுவது. உன் இருமல் போயிற்றா? லென்ஸ் அரைக்கிற தூசிக்கு நடுவே முகமூடி போடாமல் நின்றால் இருமாமல் என்ன செய்யும்?

போன் இருக்கும்போது கடுதாசி எதற்கு என்று கேட்பாய். இங்கே என் கட்டிலுக்கு மேலே சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி, சோப்பு டப்பா அளவில். பெண் குரலில் பேசும். இல்லத்துக்காரர்கள் அதற்குத் ‘துணை’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நான் திவான் என்கிறேன். ராஜா நான், ராஜ்யத்தை நடத்துவது அது. போனில் யார் என்ன பேசினாலும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுக் குறித்துக்கொள்கிறது. காகிதத்தைப் படிக்க மட்டும் அதற்கு இன்னும் கண் வைக்கவில்லை.

தினம் காலை ஏழு மணிக்கு தர்பார் கூடும்.

“காலை வணக்கம். நேற்று இரவு தூக்கம் எப்படி இருந்தது?”

“தூக்கமா? நாலு ஊர் சுத்திட்டு விடிஞ்சப்புறம்தான் திரும்பினேன்.”

“இன்று உடல்நிலை எப்படி?”

“காலு ரெண்டும் கழண்டு கட்டிலுக்கடியில உருண்டு கிடக்கு. பெருக்க வர்றப்ப எடுத்துக் குடுக்கச் சொல்லணும்.”

“தகவலுக்கு நன்றி.”

அவ்வளவுதான் பேச்சு. என் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டியிருக்கிறார்கள். அது பச்சையாய் இருந்தால் நடைக்கோடியில் உள்ள கதவு திறக்கும், கீழே தோட்டம், அதற்கப்பால் தெரு. மஞ்சள் என்றால் தோட்டத்தோடு சரி. சிவப்பு என்றால் கதவு அசையாது. நாலு ஊர் சுற்றிய அன்றிலிருந்து நான் சிவப்பு. “இரவில் நடமாட்டம், குழப்பமான பேச்சு” என்று திவான் பதிந்துவிட்டதாம். பதினெட்டு நாளாயிற்று, என் பஞ்சாங்கத்தில் பதினெட்டு யுகம்.

பக்கத்து அறையில் ஒரு கணக்கு வாத்தியார். “ஆறரை மணி நேரம். இரண்டு முறை விழிப்பு” என்பார். அவருக்குக் கதவு மாப்பிள்ளை மரியாதையோடு திறக்கிறது. நாற்பத்தொரு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து, மாட்டிக்கொண்ட லட்சம் பேரைக் கதவைப் பிளந்து வெளியே இழுத்துவிட்டவன் நான். எனக்கு ஒரு கதவு திறக்க மாட்டேன் என்கிறது.

அறையில் மேஜைக்கால் ஒன்று குட்டை. சேரும்போது கொடுத்த பதினாலு பக்கப் படிவத்தின் நகலை மடித்து அடியில் கொடுத்திருக்கிறேன். இப்போது ஆடவில்லை. படிவத்துக்கு அந்த ஒரு உபயோகமாவது இருக்கிறதே.

வெந்நீர் குடி.

சிறையிலும் செங்கோலைக் கைவிடாத,
மாமா


மார்ச் 19

அன்புள்ள மாமாவுக்கு,

நலம்தான். இருமல் பாதி போய்விட்டது. முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொள்கிறீர்களா, இல்லை அதையும் மேஜைக்கு அடியில் வைத்துவிட்டீர்களா?

கடுதாசியைக் கடையில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்து ஒருத்தி லென்ஸைக் கீழே போட்டுவிட்டாள். நான் சிரித்தது பாதிவரைதான். மாமா, அந்தப் பெட்டிக்கு நீங்கள் விளையாட்டுக்குச் சொல்வது புரியாது. நானே எட்டு வயதுவரை, நீங்கள் லிஃப்டில் ஏறி மேகத்துக்குப் போய் மழையை ரிப்பேர் செய்துவிட்டு வருவதாக நம்பினவள். அதற்கு எட்டு வயதுகூட ஆகவில்லை.

அங்கே பாதுகாப்பாக இருக்கிறீர்கள் என்பது எனக்கு ஒரு நிம்மதி. அதையும் யோசித்துப் பாருங்கள்.

இந்த மாதம் லீவு கிடைக்காது. ரயிலில் வர ஒரு நாள், போக ஒரு நாள். அடுத்த மாதம் பார்க்கிறேன்.

பார்த்து நடங்கள்.

உங்கள் மருமகள்


மார்ச் 27

சொந்த மாமனையே பெட்டிக்குப் பயப்படச் சொல்லும் வீராங்கனைக்கு,

மன்னர் நலம். முழங்கால் மட்டும் எதிரி நாட்டோடு சேர்ந்துகொண்டது. உன் லென்ஸை உடைத்த பெண்ணுக்கு என் ராஜாங்க மன்னிப்பு.

இங்கே எங்களைக் கவனிக்கிற அம்மாவுக்குத் தளபதி என்று பட்டம் கொடுத்திருக்கிறேன். ஒற்றைக் கையால் என்னையும் நாற்காலியையும் சேர்த்துத் தூக்குவாள். அவளிடம் மனு கொடுத்தேன்.

“ஏம்மா, இந்தக் கதவை நீ திறக்கக் கூடாதா?”

“பட்டை சிவப்பா இருந்தா எனக்கே திறக்காது லிஃப்ட் மாமா. பூட்டுறதுக்கு உங்க வீட்டுல சம்மதம் குடுத்திருக்காங்களே.”

“எங்க வீட்டுலயா? யாரு?”

“குடும்பத்தார்னு போட்டிருக்கு.”

நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். உன் அம்மா போய் ஆறு வருஷம். நான் கட்டிக்கொண்டது லிஃப்டைத்தான், அது கையெழுத்துப் போடாது. ஆகக் கூடிக் குடும்பம் என்றால் நீயும் நானும். நான் போடவில்லை. யோசித்து யோசித்து, ஏதோ கம்ப்யூட்டர் கோளாறு என்று முடிவுக்கு வந்தேன். உனக்கு ஏதாவது தெரிந்தால் எழுது. தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

பாதுகாப்பு என்றாயே, அதைப் பற்றி ஒரு வார்த்தை. போன டிசம்பரில் நான் பஸ் நிறுத்தத்தில் மூன்று மணி நேரம் நின்று நகரப் போக்குவரத்தை மாறுவேடத்தில் சோதனை போட்டேனே, அதை நினைத்துச் சொல்கிறாய் போலிருக்கிறது. பேப்பர் கடைக்காரர் அனாவசியமாக உனக்குப் போன் செய்துவிட்டார். ராஜாங்க ரகசியம் அவருக்கு எங்கே தெரியும்?

ஜன்னலில் கம்பி இல்லை, ஆனால் நாலு விரற்கடைக்கு மேல் திறக்காது. அந்த நாலு விரற்கடையில் நகர மன்றத்தின் கூரை தெரிகிறது. புறா உட்கார்கிறது. அதற்குப் பட்டை கிடையாது.

வேளைக்குச் சாப்பிடு.

மாமா


ஏப்ரல் 20

அன்புள்ள மாமாவுக்கு,

எழுதத் தாமதமாகிவிட்டது. கடையில் புது அரைக்கும் இயந்திரம் வந்திருக்கிறது. அதைப் பழகுவதற்குள் உயிர் போய்விட்டது. நீங்கள் நலம் என்றுதான் நினைக்கிறேன்.

எனக்கு ஒரு யோசனை. கணக்கு வாத்தியார் மாதிரி நீங்களும் ஒரு வாரம் பேசிப் பாருங்களேன். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில். ஊர் சுற்ற வேண்டாம், கால் கழல வேண்டாம். பட்டை தானாகப் பச்சையாகிவிடும். அப்புறம் சம்மதம் அது இது என்ற பேச்சே வேண்டியதில்லை.

புது இயந்திரத்தில் கையை உள்ளே விட்டால் உடனே நின்றுவிடுகிறது. நல்ல ஏற்பாடு.

உங்கள் மருமகள்


மே 9

மருமகளுக்கு,

நலம். முழங்கால் வலி குறைவு. நீ நலமா?

மேலே உள்ள இரண்டு வரியைப் படித்ததும் உனக்கு எப்படி இருக்கிறது? பதினோரு நாள் அப்படித்தான் பேசினேன். “தூக்கம் ஆறு மணி நேரம்.” “பசி உண்டு.” “வலி இல்லை.” வாத்தியாரே தோற்றார். பேசி முடித்ததும் வாயைக் கொப்பளிக்க வேண்டும் போலிருக்கும். தளபதி வந்து நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டுப் போனாள்.

பன்னிரண்டாம் நாள் திவான் திருவாய் மலர்ந்தது. “உங்கள் பேச்சில் மாற்றம் தெரிகிறது. சொற்கள் குறைந்துள்ளன. மனச்சோர்வு இருக்கலாம். உங்கள் பாதுகாப்புக்காகக் கதவு வசதி தொடர்ந்து நிறுத்தி வைக்கப்படுகிறது.”

பார்த்தாயா? அளந்தால் பைத்தியம், அளக்காவிட்டால் சோகம். இரண்டுக்கும் ஒரே சிவப்பு. லிஃப்ட் மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் இரண்டு மாடிக்கு நடுவே நிற்கும் தெரியுமா, கதவைத் திறந்தால் வெறும் சுவர்தான் இருக்கும். அங்கே நிற்கிறேன்.

இனிமேல்தான் கதையே. நேற்று நகர மன்றத்திலிருந்து எனக்கு ஒரு கடிதம். முத்திரை, கையொப்பம், சகல விருதுகளோடும். முதியோர் இல்லங்களில் இந்த மாதிரிப் பெட்டிகள் எதைத் தீர்மானிக்கலாம், எதைத் தீர்மானிக்கக் கூடாது என்று பொதுமக்களே கூடிப் பேசி விதி எழுதப் போகிறார்களாம். ஊரில் உள்ள அத்தனை பேரையும் போட்டுக் குலுக்கி இருபத்துநான்கு பேரை எடுத்திருக்கிறார்கள். அதில் அடியேனும் ஒருவன்! ஜூன், ஜூலை, செப்டம்பர் என்று மூன்று அமர்வு. இடம், நான் தினமும் பார்க்கிற அந்தப் புறாக் கூரை.

தளபதியிடம் காட்டினேன். படித்துவிட்டு என் பட்டையைப் பார்த்தாள். பட்டையைப் பார்த்துவிட்டு மறுபடி கடிதத்தைப் படித்தாள்.

“மாமா, கதவைப் பத்திப் பேசறதுக்கு நீங்க போகணும்.”

“ஆமா.”

“போறதுக்குக் கதவு திறக்கணும்.”

“ஆமா.”

“திறக்காது.”

“தளபதி,” என்றேன், “நாப்பத்தொரு வருஷத்துல இப்படி ஒரு மாட்டலை நான் பாத்ததில்ல.” சத்தியமாய்ச் சொல்கிறேன், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மாமா


மே 16

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் முதல் இரண்டு வரியைப் படித்துவிட்டு உண்மையிலேயே போனை எடுத்துவிட்டேன். இனி அந்த மாதிரி எழுதாதீர்கள்.

நான் சொன்ன யோசனையால் வந்த வினை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

மன்றத்துக்குப் போன் செய்து விசாரித்தேன். உறுப்பினரால் வர முடியாவிட்டால் நெருங்கிய உறவினர் மாற்றாக வரலாமாம், ஆனால் இரண்டாவது அமர்விலிருந்துதான். ஜூலை 4. லீவு கேட்டிருக்கிறேன். நீங்கள் சொல்ல நினைப்பதை எழுதி அனுப்புங்கள். அங்கே படிக்கிறேன்.

நான் போவது உங்களுக்குச் சம்மதம்தானே?

உங்கள் மருமகள்


ஜூன் 10

என் சார்பில் மகாசபைக்கு எழுந்தருளும் மருமகளுக்கு,

நலமே. ஜூன் மாத அமர்வு அன்று காலையிலேயே குளித்து, சட்டை இஸ்திரி போட்டு, ஜன்னலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். கூரைக்கு அடியில் என் நாற்காலி காலியாக இருந்திருக்கும். பதினோரு மணிக்குப் புறாவெல்லாம் கலைந்து பறந்தது. யாரோ கை தட்டியிருக்க வேண்டும்.

சம்மதம்தானே என்று கேட்டாயே. இந்த வருஷத்தில் என்னை அப்படிக் கேட்ட முதல் ஆள் நீதான். சம்மதம்.

சபையில் படிக்க வேண்டியது இது:

“ஐயா, அம்மா, லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் உள்ளேயிருந்து கத்துவார்கள்: ‘ரெண்டு மணி நேரமா இருக்கோம்! மூச்சு நின்னுபோச்சு! இருபது பேர் இருக்கோம்!’ கதவைத் திறந்து பார்த்தால் பன்னிரண்டு நிமிஷம், மூன்று பேர், மூவருக்கும் மூச்சு நன்றாக ஓடுகிறது. நாற்பத்தொரு வருஷத்தில் ஒரு தடவைகூட நான் ‘பொய் சொல்றீங்க’ என்று சொன்னதில்லை. ‘உள்ளே இருப்பவர் குழப்பத்தில் இருக்கிறார், எனவே கதவைத் திறக்கவில்லை’ என்று ரிப்போர்ட் எழுதியதும் இல்லை. மனதுக்குள் பத்தால் வகுத்துக்கொள்வேன். அப்புறம் கதவில் வாயை வைத்து, ‘நான் வந்துட்டேன், பேசிக்கிட்டே இருங்க’ என்பேன். உள்ளே இருப்பவர்கள் கணக்காகப் பேசவில்லை என்பதற்காக வெளியே இருப்பவன் போய்விடக் கூடாது. என் அறையில் இருக்கும் பெட்டிக்கு வகுக்கத் தெரியவில்லை. அதற்கு வகுக்கத் தெரியும்வரை, கதவைப் பூட்டுமுன் வகுக்கத் தெரிந்த ஒரு ஆள் நேரில் வந்து என்னைக் கேட்க வேண்டும்.”

உரக்கப் படி. நீ வாய்க்குள் முனகுகிற ஜாதி.

மாமா


ஜூலை 7

அன்புள்ள மாமாவுக்கு,

சுகமாக ஊர் திரும்பினேன். அமர்வு முடிந்து ரயிலுக்கு அரை மணிதான் இருந்தது. அதனால் இல்லத்துக்கு வர முடியவில்லை. கோபம் வேண்டாம்.

உங்கள் இடத்தில் ‘லிஃப்ட் மெக்கானிக், ஓய்வு’ என்று அட்டை வைத்திருந்தார்கள். ஒரு பக்கம் பேக்கரிக்காரர், மறுபக்கம் பள்ளிப் பேருந்து ஓட்டுகிற அக்கா. பெட்டி செய்த கம்பெனியிலிருந்து டை கட்டிய ஒருவர் வந்து திரையில் படம் காட்டினார்.

“நூற்றுக்குத் தொண்ணூற்றாறு தடவை எங்கள் கணிப்பு சரி” என்றார்.

பேக்கரிக்காரர் எழுந்தார். “நான் நூறு ரொட்டியில நாலு கருக்கினா அந்த நாலையும் தூக்கிப் போட்டுடுவேன். நீங்க அந்த நாலு பேரை எங்க வச்சிருக்கீங்க?”

“மூணாவது மாடியில” என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது மாமா. எல்லாரும் சிரித்துவிட்டார்கள். டை கட்டியவரும் சிரித்தார். அப்புறம்தான் உங்கள் கடிதத்தைப் படித்தேன். முனகவில்லை. ‘பேசிக்கிட்டே இருங்க’ என்ற இடத்தில் மட்டும் நிறுத்தித் தண்ணீர் குடித்தேன். இருமல்தான்.

படித்து முடித்ததும் யாரும் சிரிக்கவில்லை. வேறொரு இல்லத்தில் வேலை பார்க்கிற அம்மா, “நாங்க வந்து கேக்க மாட்டோம்னா சொல்றோம்? எங்களைக் கேக்க விடுறதில்ல” என்றார். பேக்கரிக்காரர்தான் யோசனை சொன்னார். ஒவ்வொருவரும் தாங்கள் எப்படிப் பேசுகிறவர்கள் என்று தாங்களே ஒரு குறிப்பு எழுதித் தர வேண்டும், அதை இல்லத்தார் பெட்டிக்குள் ஏற்ற வேண்டும், பெட்டி அதைப் பார்த்துவிட்டுத்தான் மற்றதைக் கேட்க வேண்டும் என்று. ஒரு மணி நேரம் சண்டை. கடைசியில், பூட்டுமுன் ஒரு ஆள் நேரில் கேட்பது, இந்தப் பேச்சுக் குறிப்பு, இரண்டையும் செப்டம்பர் முதல் தேதியிலிருந்து உங்கள் இல்லத்தில் சோதித்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று. மூன்றாவது அமர்வில் எல்லா இல்லங்களுக்கும் சேர்த்து ஓட்டு.

நடுவில் தலைவர் ஒன்று கேட்டார். “இங்கே இருப்பவர்களில், கதவைப் பூட்டச் சம்மதக் கையெழுத்துப் போட்ட உறவினர்கள் யாராவது இருந்தால் கை தூக்குங்கள். உங்கள் பக்கத்தையும் கேட்க வேண்டும்.” ஐந்து பேர் தூக்கினார்கள்.

டீ நன்றாக இருந்தது. பிஸ்கட்டும் கொடுத்தார்கள்.

உங்கள் மருமகள்


ஆகஸ்ட் 6

சபையை வென்று வந்த சிங்கத்துக்கு,

ஜூலையில் இரண்டு கடுதாசி போட்டேன். ஒன்றில் உன்னைப் புகழ்ந்து நாலாயிரம் வரி, மற்றதில் பேக்கரிக்காரருக்கு என் ராஜ்யத்தில் பாதி. இரண்டுக்கும் பதில் இல்லை. இருமல் எப்படி இருக்கிறது? இயந்திரம் கையைப் பிடித்துக்கொண்டதா?

இங்கே விசேஷம் ஒன்றும் இல்லை. கணக்கு வாத்தியாருக்குப் போன வாரம் ‘மூன்று முறை விழிப்பு’ ஆகிவிட்டது. மஞ்சளாகிவிட்டார். அழுதார் மனுஷர். அதைத் திவானிடம் சொல்ல மாட்டோம் என்று நானும் தளபதியும் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறோம்.

நீ பெரிதாக எதுவும் எழுத வேண்டியதில்லை. ‘இருக்கிறேன்’ என்று ஒரு வரி போதும். பேசிக்கொண்டே இரு.

மாமா


ஆகஸ்ட் 18

மாமா,

ஆறு பேர் தூக்கியிருக்க வேண்டும்.

மார்ச்சிலிருந்து இதை எழுதி எழுதிக் கிழித்தேன். அந்தப் படிவத்தைக் கடையில் சாப்பாட்டு நேரத்தில்தான் நிரப்பினேன். அவசரத்தில் தெரியாமல் போட்டுவிட்டேன் என்று சொல்லலாம் என்றுகூட யோசித்தேன். பொய். பதினோராம் பக்கத்தை மூன்று தடவை படித்தேன். ‘வழி தவறும் வாய்ப்பு இருந்தால் கதவைப் பூட்டச் சம்மதிக்கிறேன்.’ படித்து, தெரிந்து, போட்டேன்.

டிசம்பரில் பேப்பர் கடைக்காரர் போன் செய்தபோது, “உங்க மாமா மழையில நிக்கிறார், வீடு எந்தப் பக்கம்னு என்னைக் கேட்டார்” என்றார். அது உங்கள் வீட்டிலிருந்து நாலாவது கடை மாமா. நீங்கள் அதைச் சோதனை என்றீர்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, மறுநாள் கையெழுத்துப் போட்டேன்.

உங்களைக் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் ஏதாவது கதை சொல்வீர்கள், நான் நம்பிவிடுவேன் என்று பயம். அந்தப் பெட்டியாவது கேள்வி கேட்டுவிட்டுப் பூட்டியது. நான் கேட்காமலே பூட்டினேன்.

இல்லத்துக்கு எழுதிச் சம்மதத்தை மாற்றிவிட்டேன். ‘முதலில் அவரைக் கேளுங்கள்’ என்று மட்டும் எழுதியிருக்கிறேன். இதுவும் சரியா என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் மறுபடி மழையில் நின்றால்?

நீங்கள் திட்டி எழுதினாலும் எழுதுங்கள்.


ஆகஸ்ட் 24

என் குட்டிக்கு,

திட்ட வேண்டும் என்று பேனாவை எடுத்தேன். மை தீர்ந்துவிட்டது. இது வேறு பேனா.

மேஜைக்காலுக்கு அடியில் இருக்கிற படிவம் நகல் என்றேனே. சேர்ந்த அன்றே முழுதும் படித்துவிட்டேன். பதினோராம் பக்கத்தில் உன் கையெழுத்து. நீ சின்ன வயதிலிருந்தே பேனாவை அழுத்தித்தான் எழுதுவாய். நகலிலேயே அந்த எழுத்து மற்றதைவிடக் கறுப்பாக இருந்தது. ‘யார் போட்டது?’ என்று உன்னை நான் கேட்டது தெரியாமல் அல்ல. நீயாகச் சொல்வாய் என்று. அது என் அயோக்கியத்தனம். கொக்கி போட்டுவிட்டுப் பொழுதுபோக்காகப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ ஐந்து மாதம் துடித்திருக்கிறாய்.

இனி நான் சொல்வதைப் பத்தால் வகுக்காதே.

அன்றைக்கு நான் பஸ்ஸைச் சோதிக்கப் போகவில்லை. ரொட்டி வாங்கப் போனேன். கடையை விட்டு வெளியே வந்தேன். தெரு இருந்தது, வீடுகள் இருந்தன, என் வீடு எந்தப் பக்கம் என்பது மட்டும் இல்லை. யாராவது கூப்பிடுவார்கள் என்று நிறுத்தத்தில் நின்றேன். ரொட்டி நனைந்துபோயிற்று. அதற்கு முன்பும் ஒரு தடவை நடந்திருக்கிறது. உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் பூட்டுவாய் என்று பயம். நீ கேட்டால் நான் அளப்பேன் என்று உனக்குப் பயம். இரண்டு பேரும் ஒரே லிஃப்டில்தான் நின்றிருக்கிறோம், பட்டனை அழுத்தாமல்.

அதனால் நீ கையெழுத்துப் போட்டது தப்பு என்று என்னால் சொல்ல முடியாது. கேட்காமல் போட்டதுதான். அதற்கும் நானே பாதி காரணம்.

தளபதி பேச்சுக் குறிப்புக்கான காகிதத்தைக் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். மூன்று வரிக்குமேல் கூடாதாம். வாழ்நாளில் எனக்கு இப்படி ஒரு தண்டனை வந்ததில்லை. வாத்தியார் இரண்டு நாளாகத் தன்னுடையதைத் திருத்திக்கொண்டிருக்கிறார்.

அமர்வு 12ஆம் தேதி. நீ வர வேண்டாம். நான் போகிறேன்.

மாமா


செப்டம்பர் 14

வெந்நீர் குடிக்கும் என் மருமகளுக்கு,

நலம். முழங்கால் அரசாங்கத்தோடு சமாதானம் செய்துகொண்டது. உன் இருமல் முழுசாகப் போய்விட்டது என்று நீயாக எழுதும்வரை நம்ப மாட்டேன்.

என் பேச்சுக் குறிப்பு இது:

‘நான் பெருக்கிப் பேசுகிறவன். பத்தால் வகுக்கவும். வகுத்தும் புரியாவிட்டால் ஆளை அனுப்பவும்.’

பன்னிரண்டாம் தேதி காலை திவான் கேட்டது. “உலகத்தையே ஒரு சுத்துச் சுத்தி வரப் போறேன்” என்றேன். பெட்டியில் உள்ள சின்ன விளக்கு கொஞ்ச நேரம் முழித்தது. அப்புறம் சொன்னது: “உங்கள் குறிப்பின்படி, அருகில் ஓர் இடத்துக்குப் போவதாகப் புரிந்துகொள்கிறேன். சரியா?” ஏழு மாதத்தில் அது என்னைப் பார்த்துச் ‘சரியா’ என்று கேட்டது அன்றுதான். பட்டை பச்சை.

கதவு திறந்தது. லிஃப்டில் இறங்கினேன், ஓட்டம் கொஞ்சம் தடுக்குகிறது, அது ஏறி இறங்குகிற தண்டவாளத்துக்கு எண்ணெய் போட வேண்டும். தோட்டம். வாசல். வாசலைத் தாண்டி நின்றேன்.

நின்றேன்.

ஜன்னலிலிருந்து ஏழு மாதமாய்ப் பார்த்த கூரை. கீழே வந்து நின்றால் கூரை இல்லை, தெருதான் இருக்கிறது. இடமா, வலமா? அதே இடம், மருமகளே. அதே பஸ் நிறுத்தம். திரும்பிப் பார்த்தேன். கதவு திறந்தேதான் இருந்தது.

ராத்திரி வேலை முடிந்து தளபதி வெளியே வந்தாள்.

“என்ன லிஃப்ட் மாமா, யாருக்காகக் காத்திருக்கீங்க?”

தெருவை அளந்துகொண்டிருக்கிறேன், நகரத்தையே கொஞ்சம் கிழக்கே நகர்த்தலாமா என்று யோசிக்கிறேன், எல்லாம் நாக்கு நுனிவரைக்கும் வந்தது.

“வழி தெரியலம்மா,” என்றேன்.

“அப்படிச் சொல்ல வேண்டியதுதானே? வாங்க.”

அமர்வில் பேக்கரிக்காரர் எனக்கு ரொட்டி கொண்டுவந்திருந்தார். நாலும் கருகாதது. ஓட்டெடுப்பில் பதினைந்துக்கு ஒன்பது. எல்லா இல்லங்களிலும் ஒரு ஆள் வந்து கேட்டுவிட்டுத்தான் பூட்ட வேண்டும். எதிர்த்த ஒன்பது பேரில் இரண்டு பேர் அழுதார்கள். ஒருத்தியின் அப்பா தெருவில் போய்த் திரும்பி வரவே இல்லையாம். அவளுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கதை எதுவும் சொல்லவில்லை.

நேற்று காலை திவான் கேட்டது: “வெளியே போனபோது ஏதாவது சிரமம் இருந்ததா?”

வாத்தியார் என் அறை வாசலில் நின்று, “இல்லன்னு சொல்லும்யா, இல்லன்னு சொல்லும்!” என்று கையை ஆட்டுகிறார்.

“வாசலில் வழி தெரியவில்லை,” என்றேன்.

பட்டை சிவக்கும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். சிவக்கவில்லை. தளபதி வந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

“சொல்லுங்க மாமா. பூட்டலாமா, வேண்டாமா?”

“பூட்டாத. ஆனா தனியா விடாத.”

அப்படியே எழுதிக்கொண்டாள். பட்டை இப்போது மஞ்சள். துணையோடு போனால் தெருவரை. சில நாள் துணைக்கு ஆள் இருக்காது. அன்றைக்குத் தோட்டத்தோடு சரி. கதவுக்கு இந்தப் பக்கமே நிற்க வேண்டியதுதான்.

லீவு கிடைக்கும்போது வா. வாசலிலிருந்து இடது பக்கம் திரும்ப வேண்டும், நான் எழுதி வைத்திருக்கிறேன். மன்றம்வரை இருநூற்று நாற்பது அடி.

வகுக்க வேண்டாம்.

மாமா